கால் பிரேக்கில் இருந்தது

அண்ணா,

இன்று எனக்கு வார ஓய்வு. காலையில் காக்கிச் சட்டையை வாளியில் ஊற வைத்தேன். சோப்புத் தண்ணீரில் போட்டு அமுக்கியதுமே அந்த வாசம் எழுந்து வந்தது. பிரேக் லைனிங் தீய்ந்த வாசம். மலையிலிருந்து இறங்கும்போது கடைசி வளைவுகளில் வண்டிக்குள் பரவி மூக்கைக் கரிக்குமே, அதே வாசம். எத்தனை சோப்புப் போட்டாலும் இது போகவே மாட்டேன் என்கிறது என்று அண்ணி உங்கள் சட்டையைக் காட்டி என்னிடம் புலம்பியது நினைவுக்கு வந்தது. "அது போயிருச்சுன்னா எனக்கு வேலையும் போயிருச்சுன்னு அர்த்தம், பேசாம தொவை" என்று நீங்கள் உள்ளேயிருந்து குரல் கொடுத்ததும் வந்தது.

குனிந்து துவைக்கும்போது என் இடது காதுக்குள் வண்டு ஒன்று ரீங்காரம் போடுகிறது. கன்னத்து வீக்கம் வடிந்துவிட்டது. காதுச் சத்தம் மட்டும் போகவில்லை. போகும் என்கிறார் டாக்டர், எப்போது என்று சொல்லவில்லை. என்ன காது, என்ன கன்னம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

இது கோபத்தில் எழுதும் மடல், அண்ணா. போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதும்போது நல்லதாக நாலு வார்த்தை எழுதவேண்டும் என்பார்கள். நீங்கள் நல்லவர் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அதைச் சொல்லிச் சொல்லியே உங்களைக் கவிழ்த்தார்கள். இப்போது என்னையும் அதே வார்த்தையால் கவிழ்க்கப் பார்க்கிறார்கள். அதனால் உங்கள் மேலும் எனக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரர் இறந்த பிறகு, வாரிசு வேலையாக எனக்குக் கண்டக்டர் பை வந்தது. மலை வண்டிக்குப் பெண்ணைப் போடவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். அந்த வண்டியின் டிரைவர் நீங்கள் மட்டும், "வாந்தி எடுக்காம இருக்குமா அந்தப் புள்ள? இருந்தா சரி, அனுப்புங்க" என்றீர்கள். முதல் நாளே எடுத்தேன். அடிவாரத்துக் காரவள்ளியில் ஏறத் தொடங்கி பத்து வளைவு தாண்டுவதற்குள் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். டேஷ்போர்டில் நாலைந்து எலுமிச்சம்பழம் எப்போதும் உருண்டுகொண்டிருக்குமே, அதில் ஒன்றைப் பின்னால் கொடுத்தனுப்பினீர்கள். மலைமேல் செம்மேட்டில் இறங்கி டீ குடிக்கும்போதுதான், "அம்முணி, பயணிகளுக்கு நீ டிக்கெட் குடுக்கோணும். இன்னைக்கு அவிய உனக்குப் பழம் குடுத்துட்டாங்க" என்று சிரித்தீர்கள்.

அந்த வண்டியில் எல்லாவற்றுக்கும் நீங்கள் வைத்த பேர் உண்டு. சக்கரத்துக்குப் பின்னால் வைக்கும் மரக்கட்டைக்கு மாப்பிள்ளை என்று பேர். வழியெல்லாம் சும்மா கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து வருவார், ஒரே ஒரு இடத்தில்தான் அவர் தயவு வேண்டியிருக்கும், அதற்கும் நாம்தான் தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்கவேண்டும் என்பீர்கள். ஏற்றத்தில் வண்டி நின்றால் உங்கள் குரல் வரும்: "மாப்பிள்ளைய எறக்கு." நான் பின்படியில் குதித்து, கட்டையைப் பின்சக்கரத்தடியில் உதைத்து வைத்துவிட்டு, "உக்காந்துட்டாருங்க" என்று கத்துவேன். வண்டி முழுக்கச் சிரிக்கும். சிரித்தாலும் அது விளையாட்டு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். அந்த வண்டியின் ஹேண்ட் பிரேக் ஏற்றத்தில் பிடிக்காது என்று நம் இருவருக்கும் தெரியும். ஒர்க் ஷாப்பில் சொல்லிச் சொல்லி உங்கள் வாய்தான் வலித்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். நீங்கள் அதைப் பற்றிப் பேச விட்டதே இல்லை. இப்போது தடுக்க முடியாதில்லையா, அதனால் பேசுகிறேன்.

தொடர் விடுமுறை. மலை முழுக்க வெளியூர்க் கார்கள். நாம் ஆள் நிறைந்த வண்டியோடு ஏறிக்கொண்டிருந்தோம். வளைவின் முக்கால்வாசியைத் திருப்பிவிட்டபோது மேலேயிருந்து ஒரு வெள்ளைக் கார் இறங்கி வந்து மூக்கோடு மூக்காக நின்றது. மலைப் பாதையில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இறங்குகிறவர்தான் ஒதுங்கவேண்டும். இங்கே சைக்கிள் ஓட்டுகிறவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். அவர்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் ஒருமுறை ஹாரன் அடித்துவிட்டு, பின்னால் போகச் சொல்லிக் கையைக் காட்டினீர்கள். "மாப்பிள்ளைய எறக்கு" என்றீர்கள். நான் கட்டையோடு இறங்கிப் பின்னால் ஓடினேன்.

அதனால் முதல் அடியை நான் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது. கட்டையை உதைத்து வைத்துவிட்டு, "உக்காந்துட்டாருங்க" என்று வழக்கம்போலக் கத்தினேன். யாரும் சிரிக்கவில்லை. முன்னால் ஓடி வந்தால், அந்தக் காரிலிருந்து இறங்கிய ஆள் உங்கள் பக்கத்து ஜன்னலுக்குள் கையை விட்டு உங்கள் சட்டைக் காலரைப் பிடித்திருக்கிறான். உங்கள் மூக்குக்கண்ணாடி மடியில் உடைந்து கிடக்கிறது. நான் பார்க்கப் பார்க்க இன்னொன்று அறைந்தான். உங்கள் மகன் வயதிருக்கும் அவனுக்கு. நீங்கள் இரண்டு கையாலும் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். தலையைக்கூட நகர்த்தவில்லை. வண்டியிலிருந்து ஆட்கள் இறங்கியதும் அவன் காருக்குள் போய்விட்டான். கார் பின்னால் போனது. நீங்கள் கண்ணாடி இல்லாமலே வண்டியை மேலே கொண்டு சேர்த்தீர்கள்.

செம்மேட்டில் நான்தான் கேட்டேன். ஏனுங்க அண்ணா, கட்டை போட்டுட்டேன்னு கத்தினேனே, அப்புறமாவது இறங்கி அவன் கையைப் பிடித்திருக்கலாமே என்று. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே இருந்தீர்கள். "வண்டி நெறையச் சனம் அம்முணி. ஒரு துண்டு மரத்த நம்பி அத்தனை பேரையும் உட்டுட்டு எறங்கறதா? என் காலு பிரேக்குல இருந்துச்சு" என்றீர்கள். அவ்வளவுதான் சொன்னீர்கள். பெஞ்சுக்கடியில் உங்கள் வலது கால் அப்போதும் தரையை அழுத்திக்கொண்டிருந்தது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். நீங்கள் அடங்கிப் போகிற ஆளாகப் போகவில்லை. வழக்கு வேண்டும் என்றுதான் போனீர்கள். நான் கூடவே நின்றவள், எனக்குத் தெரியும். அடித்தவன் பக்கம் யார் யாரோ போனில் பேசினார்கள். நம் பக்கத்தில் கிளை மேலாளர் வந்தார். இப்போது இருப்பவர் இல்லை, அவருக்கு முந்தியவர். விசாரித்த அதிகாரி உங்களைப் பார்த்து, நீங்கள் ஏன் திருப்பி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று கேட்டார். "என் காலு பிரேக்குல இருந்துச்சுங்க" என்றீர்கள். அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுசர், தங்கமான மனுசர், இவரைப் போய் அடித்திருக்கிறானே என்று சொல்லிவிட்டு, அதையே எழுதச் சொன்னார். ஓட்டுநர் பொறுமையானவர், பெருந்தன்மையோடு மன்னித்துவிட்டார் என்று. நீங்கள் இரண்டாம் முறையும் சொன்னீர்கள். கால் பிரேக்கில் இருந்தது என்று. யாரும் அதை எழுதவில்லை. கிளை மேலாளர் உங்கள் தோளில் கை போட்டு, அனுசரித்துப் போங்க, கோர்ட்டு வாசலில் நின்றால் வண்டியை யார் ஓட்டுவது என்றார். நீங்கள் கையெழுத்துப் போட்டீர்கள்.

அங்கேதான் எனக்கு உங்கள் மேல் கோபம். போட்டிருக்கக் கூடாது அண்ணா.

அன்றிலிருந்து நீங்கள் டிப்போவின் பொறுமைசாலி ஆகிவிட்டீர்கள். புதிதாக வருகிற ஆட்களுக்கெல்லாம் உங்களைக் காட்டினார்கள். பயணி எச்சில் துப்பினான் என்று யாராவது போய்ச் சொன்னால், அவரைப் பார், அறைந்தாலும் அசையாதவர் என்றார்கள். ஒருமுறை மனநலத்துக்கு என்று டிப்போவில் முகாம் போட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? வந்தவர் எல்லோரையும் கண்ணை மூடி மூச்சை இழுத்து விடச் சொன்னார். கோபம் வரும்போதெல்லாம் இப்படிச் செய்யுங்கள் என்றார். நீங்கள் கையைத் தூக்கினீர்கள். "வளைவுல வண்டி இருக்கறப்ப கண்ண மூடினா, எனக்குக் கோபம் போறது இருக்கட்டும், பின்னால இருக்கறவிய என்ன ஆவாங்க?" என்றீர்கள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு அடுத்த பயிற்சிக்குப் போய்விட்டார். நீங்கள் கேட்டது நிஜமான கேள்வி என்று அவருக்கு உறைக்கவில்லை. எனக்கும் அன்றைக்கு உறைக்கவில்லை.

தூக்கத்தில் உங்கள் கால் கட்டிலின் பலகையை உதைப்பதாக அண்ணி சொல்வார். உதைக்கிறது என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, உதைக்கவில்லை, அழுத்துகிறது, அழுத்தி அப்படியே பிடித்துக்கொள்கிறது, எழுப்பினால் ஒழிய எடுப்பதில்லை என்றார். சர்க்கரை, பிரஷர் இரண்டும் கூடிப் போயின. எதிரே கார் வந்து நின்றால் ஜன்னல் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டீர்கள். கொதிக்கிற வெயிலிலும் ஏற்றினீர்கள். முன்பெல்லாம் ஏறுகிறவர்களிடம் மிளகு என்ன விலை போகிறது, மரவள்ளி பிடுங்கியாச்சா என்று கேட்டுக்கொண்டே இருப்பீர்கள். அந்தப் பேச்சு நின்றுபோனது. எலுமிச்சம்பழம் மட்டும் நிற்கவில்லை.

பணி நிறைவு நாளன்று மேடையில் உங்களுக்குச் சால்வை போர்த்தினார்கள். மைக்கில் பேசியவர் அந்தக் கதையைத்தான் எடுத்தார். ஒரு கன்னத்தில் அறைந்தும், இன்னொரு கன்னத்தில் அறைந்தும் புன்னகை மாறாத மனிதர் என்றார். புன்னகையா? நான் அங்கே இருந்தேன். எழுந்து போய் மைக்கைப் பிடுங்கலாம் போல இருந்தது. உங்களைப் பார்த்தேன். மாலையும் சால்வையுமாக உட்கார்ந்திருந்தீர்கள். மேடைப் பலகையில் உங்கள் வலது கால் அழுத்திக்கொண்டிருந்தது.

அடுத்த மழைக்காலம் தாண்டுவதற்குள் நெஞ்சு வலி என்றார்கள், ஆஸ்பத்திரி என்றார்கள், நான் டூட்டி முடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அந்த அறையால்தான் செத்தார் என்று எந்த டாக்டரும் எழுத மாட்டார். நானும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கால் இத்தனை வருசமாக எதை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது என்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம். நன்றாக இருக்கிறீர்களா என்று கேட்கிறவர்கள் எல்லாம் பதிலையும் அவர்களே சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சரி, என் காதுக்கு வருகிறேன்.

இப்போது வண்டி ஓட்டுகிற தம்பி நல்ல பையன். நிதானம். ஹேண்ட் பிரேக்கும் பிடிக்கிற வண்டிதான் கொடுத்திருக்கிறார்கள், உங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. போன வாரத்துக்கு முந்தைய வாரம், வண்டி நிறைய ஆளோடு ஏறிக்கொண்டிருந்தோம். மேல் வளைவு ஒன்றில் பாறைக்கு நடுவே ஒரு தடம் பிரியுமே, ஏறிப் போனால் நாலைந்து வீடுகள் இருக்கும், அந்த வீட்டுக்காரர் ஒருவர் தன் அம்மாவோடு வந்தார். அம்மாவுக்கு முட்டியில் வலி. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வருகிறார்கள். அம்மா கடைசி சீட்டில் உட்கார்ந்திருந்தார். அந்த வளைவிலேயே நிறுத்து, அம்மாவால் ஸ்டாப்பிலிருந்து திரும்பி நடந்து வரமுடியாது என்று அவர் கேட்டார். ஏற்றத்தில், வளைவில், இத்தனை பாரத்தோடு நிற்காதுங்க, கொஞ்சம் மேலே ஸ்டாப்பில் இறக்கிவிடுகிறேன் என்றேன். நான் விசில் கொடுக்கவில்லை. வளைவு போய்விட்டது. அவர் முகம் இறுகியது.

அடுத்த வளைவில் மேலேயிருந்து வரிசையாகக் கார்கள். முதல் காரால் பின்னால் போகமுடியாது, அதற்குப் பின்னால் இன்னும் பத்து நின்றன. வேறு வழியில்லாமல் நாங்கள்தான் பின்னால் வந்து ஒதுங்கவேண்டும். நான் இறங்கிப் பின்னால் போய் நின்றேன். ரிவர்ஸுக்கு விசில் கணக்கு என்ன என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இரட்டை விசில் என்றால் வா. ஒற்றை விசில் என்றால் நில். இரட்டை கொடுத்துவிட்டால் ஒற்றை வரும்வரை டிரைவர் வந்துகொண்டே இருப்பார். வளைவில் கண்ணாடியில் அவருக்குப் பாறையும் வானமும்தான் தெரியும், விளிம்பு தெரியாது. அவருடைய கண் என் வாயில் இருக்கிறது.

இரட்டை கொடுத்தேன். வண்டி பின்னால் நகர ஆரம்பித்தது. அந்த மனிதர் முன்படியில் இறங்கி நேராக என்னிடம் வந்தார்.

"எங்கம்மாவுக்கு நிக்காத வண்டி, காருக்காரனுக்கு மட்டும் எப்படி நின்னுச்சு?"

கேட்டுக்கொண்டே அறைந்தார். இடது பக்கம். காதோடு சேர்த்து. விசில் பல்லில் இடித்தது, வாயில் ரத்தம் கரித்தது. விடாமல் கடித்துக்கொண்டேன். கண் அவரைப் பார்க்கவில்லை, பின்சக்கரத்தைப் பார்த்தது. தடுப்புக்கல்லுக்கு இன்னும் கொஞ்சம்தான். இரண்டாவது அடி விழுந்தது. நான் ஒற்றை விசில் ஊதினேன். வண்டி நின்றது. அதற்குள் நாலு பேர் வந்து அவரைப் பிடித்துக்கொண்டார்கள். கீழே வந்ததும் ஸ்டேஷனில் புகார் கொடுத்தேன்.

அந்த ஆள் குடித்திருந்தாரா என்று எல்லோரும் கேட்கிறார்கள். குடித்திருந்தால் அவர்களுக்கு வசதி. குடிக்கவில்லை. அவர் கேட்ட கேள்வியிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் என் காதுக்குள் வண்டு பறக்கிறதே அண்ணா. அதற்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

பின்சீட்டில் இருந்த யாரோ போனில் படம் எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கே ஊரெல்லாம் சுற்றிவிட்டது. ஒரு பெண் அடி வாங்குகிறாள், அசையாமல் நின்று விசில் ஊதுகிறாள். அடியில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? பொறுமையின் மறுபெயர் பெண்மை என்று. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனைத் தூக்கி அரிசி டப்பாவுக்குள் போட்டுவிட்டேன். பிறகு டிப்போவிலிருந்து கூப்பிடுவார்களே என்று எடுக்கவேண்டி வந்தது.

கூப்பிட்டார்கள். இப்போதைய கிளை மேலாளர். "அம்மா, உன்னால நம்ம டிப்போவுக்கே பேரு" என்று ஆரம்பித்தார். அப்புறம் மெதுவாக விஷயத்துக்கு வந்தார். தினமும் அந்த வழியில்தானே போகவேண்டும், அவர்கள் ஊர்க்காரர்களைப் பகைத்துக்கொள்ளலாமா, அடித்த பையன் மன்னிப்புக் கேட்கத் தயாராக இருக்கிறான், சமாதானமாக எழுதிக் கொடுத்துவிடு என்றார். இவரும் அதே வார்த்தையைச் சொன்னார். அனுசரித்துப் போ. இந்த வார்த்தையை யாராவது அடித்தவனிடம் போய்ச் சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நம்மிடம்தான் வருகிறது.

மருத்துவ விடுப்பு முடிந்து டூட்டிக்குப் போன முதல் நாள், டிக்கெட் கொடுக்கும்போது இடது பக்கத்திலிருந்து ஒரு கிழவர் சில்லறைக்குக் கை நீட்டினார். நான் குனிந்துவிட்டேன். அவர் பாவம், பயந்துபோய், "ஏஞ்சாமி, என்னாச்சு?" என்றார். ஒன்றுமில்லீங்க என்றேன். இப்போதும் அப்படித்தான். இடது பக்கம் யாராவது கையைத் தூக்கினால் உடம்பு தானாகக் குனிகிறது. உங்கள் கால் தானாக அழுத்தியதே, அது போல.

அன்றைக்கு அந்த அம்மாவும் வண்டியில் ஏறினார். அதே கடைசி சீட். அவர் இறங்கவேண்டிய ஸ்டாப் வந்தது, இறங்கவில்லை. செம்மேடு வரை வந்தார். எல்லோரும் இறங்கிய பிறகு சீட்டுக் கம்பியைப் பிடித்துப் பிடித்து என்னிடம் வந்தார். "அம்முணி, உன்ற காது எப்படி இருக்குது?" என்று கேட்டார். அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். டிப்போவில் யாரும் கேட்கவில்லை. எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. அவரும் அழுதார். மகன் செய்தது தப்பு என்றார். தன் முட்டிக்காக ஒரு பெண் அடி வாங்கினாளே என்று சோறு இறங்கவில்லை என்றார். "கேஸ வாபஸ் வாங்குன்னு கேக்க வரல சாமி. அதக் கேக்க எனக்கு மொகமில்ல" என்று சொல்லிவிட்டு, அதே வண்டியில் திரும்ப உட்கார்ந்து கீழே வந்து தன் ஸ்டாப்பில் இறங்கினார். அவர் கேட்காததுதான் என்னை ஆட்டிவிட்டது. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பேன். மூன்று நாள் யோசித்தேன். போட்டுவிடலாம், அந்த அம்மாவுக்காக ஒரு கையெழுத்துத்தானே என்றுகூட நினைத்தேன்.

நேற்று ஸ்டேஷனுக்குப் போனேன். கிளை மேலாளர் வந்திருந்தார். அந்த மனிதர் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எழுதி வைத்திருந்த சமாதானக் காகிதத்தை ஸ்டேஷன் ரைட்டர் எனக்குப் படித்துக் காட்டினார். சம்பவத்தின்போது நான் மிகுந்த பொறுமையோடு நடந்துகொண்டதாகவும், எதிர்மனுதாரர் வருத்தம் தெரிவித்ததால் மன்னித்துவிட்டதாகவும் இருந்தது.

பொறுமை என்ற வார்த்தை வந்ததும் எனக்கு உங்கள் சால்வை ஞாபகம் வந்தது. மேடைப் பலகை ஞாபகம் வந்தது.

அதை அடியுங்கள் என்றேன். எதை என்றார். பொறுமை என்பதை அடியுங்கள், நான் பொறுமையாக இல்லை என்றேன். நல்ல வார்த்தைதானேம்மா, உனக்குப் பெருமைதானே என்று கிளை மேலாளர் நடுவில் புகுந்தார். எனக்கு அந்தப் பெருமை வேண்டாம், நான் வேலையில்லாமல் நின்றிருந்தால் நானும் ஒன்று வைத்திருப்பேன் என்றேன். ஸ்டேஷனே திரும்பிப் பார்த்தது. அப்புறம் ஏன் அசையாமல் நின்றாய் என்று ரைட்டர் கேட்டார்.

"வாயில விசில் இருந்துச்சுங்க. எரட்ட விசில் குடுத்துட்டேன், ஒத்த விசில் இன்னும் குடுக்கல."

அவருக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னேன். இரண்டுக்கும் நடுவில் வண்டி என் வாயை நம்பிப் பின்னால் வந்துகொண்டிருந்தது, நான் திரும்பியிருந்தால், ஒரு வார்த்தை பேச விசிலைத் துப்பியிருந்தால், பின்சக்கரம் தடுப்புக்கல்லைத் தாண்டியிருக்கும் என்றேன். ரைட்டர் பேனாவை வைத்துவிட்டார். நான் அந்த மனிதரைப் பார்த்தேன். இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று அந்த மூன்று நாளும் என்னோடு மல்லுக்கட்டிய விஷயம் அது. சொன்னேன்.

"கடைசி சீட்டுல உங்கம்மா உக்காந்திருந்தாங்க."

அவர் கையைக் கட்டியபடியே இருந்தார். பிறகு கை தானாக அவிழ்ந்தது. பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். இதை அம்மாவிடம் சொல்லிவிடாதீங்க அக்கா என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அது என் வார்த்தை, காப்பாற்றுவேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவேண்டிய ஆள் இல்லை, உங்கள் வளைவுக்குக் கீழே நேர்ப்பாதையில் ஒரு ஸ்டாப் வேண்டும் என்று இதோ நிற்கிறாரே இவரிடம் கேளுங்கள், அந்த மனுவில் முதல் கையெழுத்து நான் போடுகிறேன் என்றேன். கிளை மேலாளர் கூரையைப் பார்த்தார்.

சமாதானத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை, அண்ணா. அந்த மனிதரை நான் மன்னித்துவிட்டேனா என்று கேட்டால், பாதி மன்னித்துவிட்டேன் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அது எனக்கும் அவருக்கும் உள்ள பாடு. வழக்கு வேறு. பை மாட்டிக்கொண்டு நிற்கிறவர்களையும் ஸ்டீரிங் பிடித்து உட்கார்ந்திருக்கிறவர்களையும் அடித்தால், அன்றைக்கு மாலையே டீ வாங்கிக் கொடுத்து முடித்துவிடலாம் என்று இந்த ஊர் நினைப்பதுதான் வழக்கு.

பொறுமையையும் மன்னிப்பையும் அடித்துவிட்டு, நான் சொன்னபடியே வாக்குமூலமாக எழுதினார்கள். வாயில் விசில் இருந்தது என்று எழுத்தில் இருக்கிறது. நாலு முறை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்ததும் கிளை மேலாளர், பாதுகாப்புக்காகக் கொஞ்ச நாள் உன்னைக் கீழே டவுன் வண்டிக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன் என்றார். பாருங்கள், அடி வாங்கினவளுக்கு இடமாற்றம். மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக்குப் போனால்தான் தெரியும், என் பேர் எந்த வண்டிக்கு எதிரே எழுதியிருக்கிறது என்று. டவுன் வண்டி என்றால் அதற்கும் ஒரு சண்டை இருக்கிறது.

ஒன்றே ஒன்றுதான் எனக்கு நடக்கவில்லை. எழுதி முடித்த பிறகு ரைட்டரிடம் இன்னொரு வரி சேர்க்கச் சொன்னேன். இதே மலையில், இதே தடத்தில், எனக்கு முன்னால் ஒரு டிரைவரும் இப்படி அடி வாங்கினார், அவரையும் பொறுமைசாலி என்றுதான் எழுதிவிட்டார்கள், அது தப்பு, அதையும் எழுதுங்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. அலுத்துப்போய்ச் சிரித்தார். முடிந்துபோன கேஸும்மா, அவரும் இல்லை, இந்தப் பேப்பரில் அதற்கு இடமில்லை என்றார். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எழுதவில்லை.

வாளியில் சட்டை இன்னும் அப்படியே கிடக்கிறது. போய் அலசவேண்டும், வாசம் போகாது என்று தெரிந்தேதான். அதற்கு முன்னால், அவர்கள் எழுதாததை நான் இங்கே எழுதிவிடுகிறேன். நீங்கள் பொறுமைசாலி இல்லை, அண்ணா. உங்களுக்குக் கோபம் வந்தது. வண்டி நிறைய ஆள் இருந்தார்கள். உங்கள் கால் பிரேக்கில் இருந்தது.